763 வீனோ 92

கின்கார்டின், ஒன்டாரியோ
3 பிப்ரவரி 1995

அன்புள்ள அக்கா எல்வாவுக்கு,

தம்பி டெல்பர்ட் எழுதுவது. நானும் ஜாய்ஸும் சௌக்கியம். உன் காது எப்படி இருக்கிறது, விரல் முடக்கம் குறைந்ததா என்று எழுது. அக்டோபரில் இங்கே குடிவந்ததிலிருந்து நான்கு கடிதம் போட்டுவிட்டேன். உன்னிடமிருந்து ஒரு கிறிஸ்துமஸ் அட்டை வந்தது. அதில் 'எல்வா' என்று ஒரே ஒரு சொல். கையெழுத்து உன்னுடையதுதான், அந்தமட்டில் சந்தோஷம். தொலைபேசியில் கூப்பிட்டாலோ உனக்கு ஒரு எழுத்தும் காதில் விழுவதில்லை.

ஜாய்ஸுக்கு இங்கே கால் தரையில் பாவுவதில்லை. அவளுடைய மூன்று தங்கைகளும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். தினமும் சீட்டாட்டம், தினமும் சிரிப்பு. நான் ஜன்னலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். "ஒரு எடத்துல உக்காருங்களேன், தரை தேஞ்சுபோகும்" என்கிறாள்.

பக்கத்து வீட்டில் வில்ஃப் ரட்டன் என்று ஒருவர். அவரும் நம்மைப் போல ராட்சசப் பூசணிப் பைத்தியம். வேலிக்கு மேலே தலையை நீட்டி, "நோவா ஸ்கோஷியாவா? அங்க மீனும் மூடுபனியும்தானே வெளையும்?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "763 வீனோ 92 கேள்விப்பட்டிருக்கீரா?" என்று கேட்டேன். மனுஷன் தொப்பியைக் கழற்றிவிட்டார். "அந்த வீனோ நீர்தானா?" "நானும் எங்கக்காவும்" என்றேன். எழுநூற்று அறுபத்து மூன்று பவுண்டு காய், வீனோ வீடு, தொண்ணூற்றிரண்டாம் வருஷம். நாற்பது வருஷம் நாம் எதிரெதிர் வீட்டில் இருந்து பிழைத்த பிழைப்பு ஒரு விதையின் பெயரில் அடங்கிவிட்டது பார்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பிரின் குப்பியில் கடைசியாக இரண்டு விதை விட்டுவிட்டு வந்தேன். அதில் ஒன்று எனக்கு வேண்டும். வீட்டுக்குப் பின்னால் நல்ல இடம் இருக்கிறது. களிமண்தான், ஆனால் வில்ஃப் வண்டி நிறைய எரு தருவதாகச் சொல்கிறார். நீ தரமாட்டேன் என்றாலும் சரி. ஆனால் அதை ஒரு தாளில் எழுதியாவது அனுப்பு.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
டெல்பர்ட்


நியூ ராஸ், நோவா ஸ்கோஷியா
1 மார்ச் 1995

தம்பி டெல்பர்ட்டுக்கு,

உயிரோடிருக்கிறேன். காது அப்படியே. விரல் இன்னும் மோசம், பேனா பிடிப்பதே பெரிய பாடு. உன் கடிதம் வந்து மூன்று வாரத்துக்கு மேலாகிறது. பதிலுக்கு என்ன அவசரம் என்று விட்டுவிட்டேன். நீ அவசரமாகக் கிளம்பிப் போனதே நம் குடும்பத்துக்குப் போதும்.

உன் வீட்டை வாங்கியவர்கள் மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். காலையில் திரையை விலக்கினால் கண் கூசுகிறது. அதனால் விலக்குவதில்லை.

விதை இத்துடன் இருக்கிறது. இரண்டையும் தட்டில் போட்டுப் பார்த்தேன். கனம் பார்த்தேன், ஓரத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தேன், நகத்தால் தட்டிப் பார்த்தேன். பெரியதை உனக்கு அனுப்பியிருக்கிறேன். நீ பென்சிலில் எழுதிய எண் அழிந்துவிட்டது, அதனால் மையில் புதிதாக எழுதியிருக்கிறேன். தண்ணீர் உள்ளே இறங்க ஓரங்களை மட்டும் உப்புத்தாளில் உரசு. முனைதான் வேர் புறப்படும் இடம், அதில் தாள் படக்கூடாது. உனக்குத் தெரியும். உன் அவசரமும் எனக்குத் தெரியும்.

ஜாய்ஸைக் கேட்டதாகச் சொல்.

எல்வா


(சமையல் குறிப்புப் பெட்டிக்குள் கிடந்தது, தபாலில் சேரவில்லை)

2 மார்ச் 1995

டெல்பர்ட்,

நான் அனுப்பியது 763 அல்ல. போன வருஷம் எருக்குழி ஓரத்தில் தானாக முளைத்ததே, பக்கத்துப் பண்ணை ஹேஸல் தன் பன்றிகளுக்கு வெட்டிப் போட்டாளே, அந்தப் பூசணியின் விதை. நல்ல பெரிய விதை, முனை மட்டும் கொஞ்சம் ஒரு பக்கமாகக் கோணியிருக்கும். அதன்மேலும் 763 என்று எழுதி உறையில் போட்டேன். முடங்கிய விரலுக்கு அந்த மூன்று எண்ணும் அழகாக வந்தன, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

விதை கேட்டவர்களுக்கு இல்லையென்று சொன்னதில்லை நாம். ஓஹையோவில் ஒருவன், இங்கிலாந்தில் ஒரு பாதிரியார், முகம் தெரியாத எத்தனையோ பேர். தபால்தலை ஒட்டிய உறை வந்தால் விதை போய்விடும். அதுதான் பூசணிக்காரர்களின் தர்மம். உனக்கு மட்டும் என்னால் முடியவில்லை. வீட்டை விற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, "எல்வா, ஒரு சமாச்சாரம்" என்றாயே. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் சாலையைத் தாண்டி வர இருபது எட்டு ஆகியிருக்குமா?

மூன்று விதையும் தட்டில் இருந்தபோது ஹேஸல் கதவை இடித்துக்கொண்டு வந்தாள். எழுந்துபோய்த் திரும்பி வந்துதான் உறையில் போட்டேன். சரியாகத்தான் எடுத்தேன். பெரியதைத்தான் எடுத்தேன்.

இதை நாளைக்கு உனக்கு அனுப்பலாமா என்று பார்க்கிறேன்.


கின்கார்டின்
6 மே 1995

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஜாய்ஸ், "எல்வா கையால ரெண்டு பக்கமா! சட்டம் போட்டு மாட்டுங்க" என்றாள்.

விதை முளைத்துவிட்டது. ஏப்ரல் 26 ஊறவைத்தேன். குளிர்பெட்டியின் தலையில், வெதுவெதுப்பில். ஆறாம் நாள் தலை காட்டியது.

இவ்வளவுதான் செய்தி. உன் செடி எப்படி? உடம்பைப் பார்த்துக்கொள்.

டெல்பர்ட்


நியூ ராஸ்
13 மே 1995

தம்பிக்கு,

நலம். உன் கடிதம் நேற்று வந்தது, இன்றைக்கே உட்கார்ந்துவிட்டேன். முளைத்ததா? ஆறே நாளிலா? இலை எப்படி இருக்கிறது? தண்டு பருமனா, வெளிறலா? இரண்டு வரி எழுதி விட்டுவிட்டாயே, நீயா இது? முன்பெல்லாம் முளை மண்ணைக் கீறினாலே சாலையைத் தாண்டி ஓடிவந்து முழுக்கதையும் கத்துவாயே.

என்னுடையது பத்து நாள் எடுத்தது. விரல் மடங்காததால் உரசுவது, ஊறவைப்பது எல்லாம் ஹேஸல்தான் செய்தாள். இலை சின்னதாக இருக்கிறது. வெயில் வந்தால் சரியாகிவிடும்.

உடனே எழுது. விவரமாக எழுது.

எல்வா


கின்கார்டின்
12 ஜூலை 1995

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உன் மே மாதக் கடிதம், ஜூன் மாதத்தில் இரண்டு, போன வாரம் ஒன்று, எல்லாம் கிடைத்தன. காதுக்குப் புதுக் கருவி வைத்துக்கொள்வதாக எழுதியிருந்தாய், வைத்துக்கொள்.

விவரமாகக் கேட்டாய், எழுதுகிறேன். பெண்பூ ஜூலை ஐந்தாம் தேதி விரிந்தது. முந்தின மாலையே, தேனீ புகாதபடி, இதழ் நுனியை நூலால் கட்டிவைத்திருந்தேன். ஆண்பூ இரண்டு. காலை ஆறு மணிக்குள் மகரந்தம் தடவி மறுபடி கட்டிவிட்டேன். அடிக்கொடியில் பதினோரு அடி தூரத்தில் காய். மற்றப் பிஞ்சுகளையெல்லாம் கிள்ளிவிட்டேன். ஏழாம் நாள் ஒரு கூடைப்பந்து அளவு. பழைய போர்வையால் நிழல் கட்டியிருக்கிறேன், நீ முன்பு உன் பூப்போட்ட விரிப்பைக் கட்டுவாயே அந்த மாதிரி.

இங்கே என் நாள் எல்லாம் இந்தச் செடியோடுதான் போகிறது. தபால்காரர் வரும் நேரத்துக்கு மட்டும் வாசலுக்கு வருவேன்.

அன்புடன்,
டெல்பர்ட்


நியூ ராஸ்
19 ஜூலை 1995

தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் ஒரு நிலையில் இல்லை. என்னுடையதும் ஜூலை ஆறில் காய் பிடித்தது. இன்று அளந்தேன். முலாம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை நாடாவோடு போய் நிற்கிறேன். ஹேஸல், "அது என்ன பச்சப்புள்ளையா, மணிக்கு மணி எடை பாக்க?" என்று கத்துகிறாள். அவள் கத்தினால்தான் எனக்குக் கேட்கும் என்பது வேறு விஷயம்.

ஒரு கேள்வி. கேள்வி சின்னது, ஆனால் நன்றாக யோசித்துப் பதில் எழுது. நான் அனுப்பிய விதையின் முனை எப்படி இருந்தது? நேராகவா, ஒரு பக்கமாகக் கோணியா? இங்கே போட்ட விதையைப் பற்றி ஹேஸலைக் கேட்டால், "வெதைன்னா வெதைதான். மோதிரமா அது, கல்லுப் பாத்து வாங்க?" என்கிறாள். ஏன் கேட்கிறேன் என்று கேட்காதே. சும்மாதான்.

ஜாய்ஸுக்கு என் அன்பு. தாமதிக்காதே.

எல்வா


கின்கார்டின்
31 ஜூலை 1995

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே யாவரும் சுகம், அங்கேயும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

முனை நேராகத்தான் இருந்தது. நம் 763 விதையில் கோணல் எப்படி வரும்? ஊசி மாதிரி நேர்.

காய் 215 பவுண்டு. மூன்று பக்கமும் நாடா பிடித்து, அட்டவணையில் பார்த்துப் போட்ட கணக்கு. ஒரு நாளைக்கு இருபத்திரண்டு பவுண்டு ஏறுகிறது. வில்ஃப் வேலியோரம் வந்து நின்று பெருமூச்சு விடுகிறார். உன்னுடையது எவ்வளவு ஆயிற்று?

நீ ஜூலையில் மட்டும் எனக்கு நான்கு கடிதம் போட்டிருக்கிறாய், தெரியுமா? எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருக்கிறேன்.

டெல்பர்ட்


நியூ ராஸ்
22 ஆகஸ்டு 1995

தம்பி டெல்பர்ட்டுக்கு,

நீ நலமாயிரு. என் காய் போய்விட்டது.

உன் கடிதம் வந்த அன்றிலிருந்து எனக்கு ஒரு வெறி. உன்னுடையது 215 என்றால் என்னுடையதை எப்படியாவது ஏற்றிவிட வேண்டும் என்று. மூன்று நாளைக்கு ஒருமுறை விடும் தண்ணீரை நாளைக்கு இரண்டு முறை விட்டேன். மீன் உரக் கரைசலை வாளி வாளியாக ஊற்றினேன். அறுபத்தாறு வயசில் இப்படி ஒரு புத்தி. அதுவும், ஊற்றுகிறாளே என்று மளமளவென்று ஏறியது. பத்தொன்பதாம் தேதி காலை காம்பிலிருந்து அடிவரைக்கும் வெடித்துப் பிளந்துவிட்டது. நான் பக்கத்திலேயே முதுகைக் காட்டிக்கொண்டு களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். எனக்குக் கேட்கவில்லை. சாலையில் போன ஹேஸல்தான் சத்தம் கேட்டு ஓடிவந்தாள். "எல்வா, என்னடி வெடிச்சது? துப்பாக்கியா?" என்றாள். அவள் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டுதான் திரும்பினேன்.

உள்ளே விதை எல்லாம் வெள்ளைத் தோல், பருப்பில்லை. நாற்பத்து நான்கு நாள் காயில் வேறென்ன இருக்கும்? மாட்டுத் தராசில் 341 காட்டியது. இனி குப்பியில் இருக்கும் ஒன்றுதான் மிச்சம், அப்புறம் உன் காய்.

ஆகவே ஒரு முடிவு செய்திருக்கிறேன். அக்டோபர் ஏழாம் தேதி உங்கள் ஊர்ப் பக்கத்து எடைப்போட்டிக்கு நான் வருகிறேன். ரயிலில். ஹேஸல் சீட்டு எடுத்துவிட்டாள். நான் மாகாணத்தை விட்டு வெளியே போனதில்லை என்று உனக்குத் தெரியும். உன் காயை என் கண்ணால் பார்க்க வேண்டும். அதைத் தராசில் ஏற்றும்போது பக்கத்தில் நிற்க வேண்டும்.

எல்வா


கின்கார்டின்
6 செப்டம்பர் 1995

அக்கா,

நலம் விசாரிக்கும் தகுதி எனக்கில்லை, நேரே சொல்லிவிடுகிறேன். நீ வர வேண்டாம். இங்கே காய் இல்லை. கொடி இல்லை. ஏப்ரல் 26ஆம் தேதிக்குப் பிறகு என்னிடம் ஒன்றுமே இருந்ததில்லை.

உப்புத்தாளில் உரசும்போது முனையை ஒடித்துவிட்டேன். நேர் இல்லை, கோணல் முனைதான். தாளில் சிக்கிப் பட்டென்று போயிற்று. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. இருந்தும் மண்ணில் வைத்தேன். ஒன்பது நாள் கழித்துத் தோண்டிப் பார்த்தால் அழுகிக் கூழாகியிருந்தது. நீ 'இரண்டில் பெரியதை உனக்கு' என்று எழுதியிருந்தாயே, அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். ஜாய்ஸ், "எழுதிருங்க, அக்கா கொன்னா போட்ருவாங்க?" என்றாள். எழுத உட்கார்ந்தேன். 'முளைத்துவிட்டது' என்று எழுதிவிட்டேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். நான் இல்லாத பூசணிக்காயைச் சோற்றிலிருந்து எடுத்துக் காட்டினேன். வில்ஃப் தன் காயை அளக்கும்போது பக்கத்தில் நின்று, அந்த எண்ணோடு ஐந்தாறு பவுண்டு கூட்டி உனக்கு எழுதினேன். நீ முனையைப் பற்றிக் கேட்டாய். ஒடித்தது தெரிந்துவிட்டதோ என்று பயந்துதான் 'நேர்' என்று எழுதினேன்.

ஏன் இப்படிச் செய்தேன் என்று கேட்பாய். அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரைக்கும் நான்கு கடிதத்துக்கு உன்னிடமிருந்து ஒரு சொல் வந்தது. முளைத்தது என்று எழுதியவுடன் மறுநாளே பதில் எழுதினாய். காய் பெருக்கப் பெருக்க உன் கடிதம் நீண்டது. அது நின்றால் இதுவும் நின்றுவிடும் என்று தெரிந்தது. எனக்கு இங்கே பேச ஆளில்லை அக்கா. சீட்டு மேஜையில் நான் ஐந்தாம் ஆள்.

நீ திட்டி எழுது. ஆனால் எழுது.

டெல்பர்ட்


நியூ ராஸ்
7 செப்டம்பர் 1995

தம்பி டெல்பர்ட்டுக்கு,

நீ நலமாயிருப்பாய், நான் இல்லை. ரயில் ஏறுவதற்கு முன்னால் இதைச் சொல்லாவிட்டால் உன் முகத்தைப் பார்க்க முடியாது.

நான் உனக்கு அனுப்பியது பன்றிப் பூசணி விதை. வேண்டுமென்றே செய்தேன். முனை கோணலான விதை அது. நீ வீட்டை விற்ற கோபம், என்னிடம் சொல்லாமல் விற்ற கோபம். மூன்று விதையையும் ஒரே தட்டில் வைத்திருந்தேன். நீ இருபத்திரண்டு பவுண்டு ஏறுகிறது, முனை நேர் என்று எழுதியதும், மாற்றிப் போட்டுவிட்டேனோ, உனக்கு அசலையும் எனக்குப் பன்றியுடையதையும் வைத்துவிட்டேனோ என்று ஆகிவிட்டது. உன்னை ஏமாற்றப்போய் நானே ஏமாந்தேன் என்று ஆத்திரத்தில் தண்ணீரை ஊற்றினேன். தன் வினை தன்னைச் சுட்டது. இப்போதும் எது எது என்று எனக்குத் தெரியாது. உன்னிடம் இருப்பது அசலாக இருந்தால் கடவுள் உன் பக்கம். பன்றியுடையது அப்படி வளர்ந்திருந்தால் நீ என்னைவிடப் பெரிய பூசணிக்காரன்.

குப்பியில் இருந்த கடைசி விதை இந்த உறையில் இருக்கிறது. முனை நேராக இருக்கிறது, நானே கண்ணாடி போட்டுப் பார்த்தேன். இது உறுதியாக 763. உன்னுடையது. பிப்ரவரியிலேயே உன்னுடையது.

என்னை வரவேண்டாம் என்று நீ சொன்னால் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

உன் அக்கா,
எல்வா


கின்கார்டின்
25 செப்டம்பர் 1995

அக்கா எல்வாவுக்கு,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. நீ என்னுடையதைப் படித்திருப்பாய். நான் உன்னுடையதைப் பத்துத் தடவை படித்துவிட்டேன்.

முதலில் சிரித்தேன். ஐந்து மாதம் நான் தூக்கம் கெட்டது ஒரு பன்றிப் பூசணிக்கு! ஜாய்ஸின் தங்கைகள்கூடச் சீட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு வந்தது கோணல் முனை, ஆகவே நீ பிளக்கவைத்தது அசல். நான் 'நேர்' என்று எழுதிய ஒரு சொல்தான் அதைப் பிளந்தது. அது என் பங்கு.

உன் பங்கையும் சொல்கிறேன். விதை தராததுகூட எனக்கு வலிக்கவில்லை. இல்லை என்று ஒரு தாளில் எழுது என்றுதான் கேட்டேன். ஓஹையோக்காரனுக்குக் கொடுத்தாய், இங்கிலாந்துப் பாதிரியாருக்குக் கொடுத்தாய், என்னை மட்டும் ஏமாற்றினாய். உன்னிடம் சொல்லாமல் வீட்டை விற்றேன், உண்மை. சொன்னால் நீ 'போகாதே' என்று சொல்வாய், நீ சொல்லிவிட்டால் என்னால் போக முடியாது. அதனால்தான் சொல்லவில்லை. ஜாய்ஸ் முப்பத்தெட்டு வருஷம் எனக்காக அங்கே இருந்தாள்.

கடைசி விதை வந்தது. அதை வில்ஃபிடம் கொடுத்துவிட்டேன். வேலிக்கு மேலாக நீட்டி, "இந்தாரும், 763 வீனோ" என்றேன். "ஐயோ, இது ஒண்ணுதானேய்யா இருக்கு? அக்கா கேட்டா?" என்றார். "கேக்கறவங்களுக்குக் குடுக்கறதுதான் எங்க வீட்டு வழக்கம்" என்றேன். கோபத்தில் கொடுத்தேனா, நல்ல மனசோடு கொடுத்தேனா என்று எனக்கே தெரியாது. இந்த ஊரில் நல்ல மண் அவருடையது. என் கையைவிட அவர் கை நிதானம்.

ரயில் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. இப்போது நீ வந்தால் நான் ஏதாவது சொல்லிவிடுவேன்.

இனி உன்னிடமும் விதை இல்லை, என்னிடமும் இல்லை. நமக்குள் எழுதப் பூசணி இல்லை. எழுத வேறொன்றும் இல்லை என்று உனக்குத் தோன்றினால் எழுத வேண்டாம். நான் புரிந்துகொள்கிறேன்.

டெல்பர்ட்


நியூ ராஸ்
19 நவம்பர் 1995

அன்புள்ள தம்பி டெல்பர்ட்டுக்கு,

நீயும் ஜாய்ஸும் சௌக்கியமா? நான் சௌக்கியம். உன் கடிதம் வந்து ஏழு வாரத்துக்கு மேலாகிறது. முதல் நான்கு வாரம் கோபமாக இருந்தேன். அப்புறம் கோபமில்லை, என்ன எழுதுவதென்று தெரியவில்லை. தினமும் தாளை எடுத்து 'அன்புள்ள தம்பி' என்று எழுதி நிறுத்தினேன். ஹேஸல் பார்த்துவிட்டு, "ஆறு நாளா அதே வரியப் பாத்துட்டு உக்காந்திருக்க, அடுத்த வரி என்ன அமாவாசைக்கா வரும்?" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

ஹேஸலுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள். ஒரு வாரம் கத்த முடியவில்லை, நாங்கள் இருவரும் சிலேட்டில் எழுதிப் பேசிக்கொண்டோம். அவளுக்கு எழுத்துப் பிழை அதிகம் என்று இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் தெரிந்தது.

போன மாதம் முட்டைக்கோஸ் புளிக்கப் போட்டேன். ஜாடி பெரிது, ஒரு ஆளுக்கு மிக அதிகம். பழக்கத்தில் இரண்டு வீட்டுக்குப் போட்டுவிட்டேன். நேற்று மஞ்சள் வீட்டுக்காரியிடம் பாதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் பெயர் டோரீன். முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள், ஆனால் வாங்கிக்கொண்டாள். உள்ளே சமையலறைச் சுவர்களைப் பச்சையாக்கியிருக்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, சொல்ல மனமில்லாமல் சொல்கிறேன்.

இந்த வருஷம் மான்கள் ஆப்பிள் மரத்தடிவரைக்கும் வருகின்றன. நேற்று ஒன்று சமையலறை ஜன்னலுக்கு வெளியே நின்று என்னையே பார்த்தது. நானும் பார்த்தேன். யார் முதலில் போவது என்று தெரியாமல் இரண்டு பேரும் நின்றோம். அடுப்புக் குழாயில் புகை சரியாகப் போகவில்லை, ஆள் வரச்சொல்லியிருக்கிறேன். புதுக் காதுக் கருவி வந்துவிட்டது. அதைப் போட்டால் மற்றதெல்லாம் பிறகு, கடிகாரச் சத்தம் கேட்கிறது. எரிச்சலாக இருக்கிறது. கழற்றி வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குப் போட்டுக்கொண்டு தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்காருகிறேன், கூப்பிட்டுப் பார்.

போகாதே என்று நான் சொல்லியிருப்பேன், நீ நினைத்தது சரிதான். நீ அங்கேயே இரு. ஜாய்ஸ் சிரிக்கட்டும்.

எழுத ஒன்றுமில்லை என்றுதான் உட்கார்ந்தேன். நான்காவது தாள் முடியப் போகிறது.

உன் அக்கா,
எல்வா